பெற்றோரின் உடல்வாகும் குழந்தையின் பிறப்பு எடையும்

குழந்தை பிறந்ததும் உற்றார் கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்று, "எடை எவ்வளவு?" என்பதாகும். எடை குறைந்திருப்பின், "எங்கள் குடும்ப வாகே இப்படித்தான்" என்று கூறி அமைதியடைவோர் பலர். இக்கூற்றில் உண்மை ஓரளவே உண்டு.

தாய், தந்தை இருவரின் உடல்வாகும் குழந்தையின் எடைக்குக் காரணமாகின்றன. எனினும், இருவர் பங்கும் சமமன்று. உயரமான தந்தையின் குழந்தை சிறிது கூடுதல் எடையுடன் பிறத்தல் இயல்பு. ஆனால் தாயின் உயரமும், கருவுறுமுன் அவளுக்கிருந்த எடையும், கர்ப்ப காலத்தில் அவள் பெறும் எடையுமே பெரிதும் முக்கியமானவை. கரு வளர்வதற்கு இடமும் உணவும் அளிப்பது தாயின் உடலன்றோ?

1938-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதனை நன்கு விளக்கும். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வால்டன், ஹாமண்ட் என்னும் அறிஞர்கள், ஷயர் என்னும் பெரிய குதிரை இனத்தையும் ஷெட்லாந்து என்னும் குள்ளக் குதிரை இனத்தையும் கலந்து குட்டிகள் ஈனச் செய்தனர். பெரிய தாய் ஈன்ற குட்டி, குள்ளத் தாய் ஈன்ற குட்டியைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு எடையுடன் இருந்தது. இரண்டும் அதே இரு இனங்களின் கலப்பே. தாயின் உடல் மட்டுமே வேறு.

2.5 கிலோவுக்குக் குறைந்த எடையுடன் பிறக்கும் குழந்தை எளிதில் உடற்சூட்டை இழக்கும். நோய்க்கும் விரைவில் இலக்காகும். ஆகவேதான் 145 சென்டிமீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள கர்ப்பிணிகளை மருத்துவர்கள் தனிக் கவனத்துடன் பார்க்கின்றனர். ஆனால் உயரம் பரம்பரையால் மட்டும் அமைவதன்று. இளமையில் பசியும் அடிக்கடி வரும் நோயும் வளர்ச்சியைத் தடுக்கின்றன. வீட்டில் அனைவரும் உண்டபின் எஞ்சியதைப் பெண் குழந்தைக்கு இடும் வழக்கம், அவள் பின்னர் ஈன்றெடுக்கும் குழந்தையையும் மெலிவிக்கிறது.

"குறைவாக உண்டால் குழந்தை சிறுத்துப் பிரசவம் எளிதாகும்" என்று கருதுவதும் தவறு. கர்ப்பிணிக்குப் பருப்பு, கீரை, முட்டை, பால் ஆகியவை வேண்டும். செவிலியர் தரும் இரும்புச்சத்து மாத்திரைகளும் வேண்டும். அதே வேளையில், மிகு எடையும் நலமன்று. தாய்க்குச் சர்க்கரை நோய் இருப்பின் குழந்தை அளவுக்கு மீறிப் பெருக்கலாம். ஆதலால் இரத்தப் பரிசோதனை இன்றியமையாதது.

அங்கன்வாடியில் மாதந்தோறும் எடை பார்த்தலும், பெண்ணின் உடல் முதிருமுன் மணம் முடிக்காதிருத்தலும் நம் கையில் உள்ளவை. பெற்றோரின் உயரத்தை இனி மாற்ற இயலாது. வளரும் சிறுமியின் உணவை இன்றே மாற்ற இயலும். வருங்காலக் குழந்தைகளின் நலம் அவள் தட்டிலிருந்தே தொடங்குகிறது.