உறைந்த திரையும் கேப்ஸ் லாக் விளக்கும்

2000-களின் தொடக்கத்தில் டிடிபி சென்டரிலோ பிரவுசிங் சென்டரிலோ வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. சிஸ்டம் ஹேங் ஆகித் திரை நின்றுபோனால் முதலில் மவுஸை ஆட்டிப் பார்ப்பார்கள். அடுத்து கை கேப்ஸ் லாக் விசைக்குப் போகும். கீபோர்டின் மூலையில் இருக்கும் சின்ன விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, படம் காட்டும் பகுதிதான் படுத்துவிட்டது என்று அர்த்தம். விளக்கு அசையவில்லையென்றால் மொத்தமும் போச்சு. ஓடிக்கொண்டிருந்த பாட்டின் கடைசித் துணுக்கு ஸ்பீக்கரில் ‘கிர்ர்ர்’ என்று சுற்றிக்கொண்டே இருக்கும். கேபினட்டில் ரீசெட் பொத்தானை அழுத்துவதைத் தவிர வேறு வழி இல்லை; சேமிக்காத கல்யாணப் பத்திரிகையும் அதோடு காலி.

படம் வரைகிற ஒரு மென்பொருள் தடுக்கி விழுந்தால் முழுக் கணினியும் ஏன் விழ வேண்டும்? விண்டோஸ் 98-ஐப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அதில் பாதுகாப்பே குறைவு. ஆனால் விண்டோஸ் என்டி வரிசை உறுதிக்குப் பேர்போனது. அதன் 3.51 பதிப்பு வரை திரையில் வரையும் வேலை இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு வெளியே, தனி இடத்தில் நடந்தது. 1996-இல் வந்த என்டி 4.0-இல் வேகம் வேண்டும் என்று அதையும், கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரையும் கெர்னலுக்குள் கொண்டுபோனார்கள். வேகம் கிடைத்தது. கார்டு தயாரித்த நிறுவனம் எழுதிய லட்சக்கணக்கான வரி நிரலில் ஒரு பிழை இருந்தாலும் சிஸ்டமே சாயும் நிலையும் கூடவே வந்தது. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கும் இதே அமைப்புதான்.

எக்ஸ்பி காலத்து நீலத் திரைகளில் ஒன்று பலருக்கு இன்னும் மறந்திருக்காது: டிரைவர் முடிவில்லாச் சுழலில் சிக்கிக்கொண்டது என்று சொல்லி, கீழே ‘என்வி4 டிஸ்ப்’ போன்ற ஒரு கோப்பின் பெயரைக் காட்டும். நடந்தது இதுதான். டிரைவர் கார்டுக்கு ஒரு வேலையைக் கொடுக்கும், பதிலுக்குக் காத்திருக்கும். கார்டு பதில் சொல்லாது. டிரைவரோ காத்திருப்பதை விடாது. பழி டிரைவர்மேல் விழுந்தாலும் குற்றவாளி எப்போதும் அதுவே என்று சொல்ல முடியாது. மலிவான எஸ்எம்பிஎஸ், தூசி அடைத்து நின்றுபோன விசிறி, மதர்போர்டில் வீங்கிப்போன கெப்பாசிட்டர் எல்லாமே அதே நீலத் திரையைத்தான் வரவழைத்தன.

அதனால் அன்றைய சர்வீஸ் பையனின் வைத்தியம் இரண்டு பக்கமும் போகும். கார்டைக் கழற்றி அதன் தங்க நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பார். பயாஸுக்குள் போய் ஏஜிபி வேகத்தை 8 எக்ஸிலிருந்து 4 எக்ஸுக்குக் குறைப்பார். எஃப்8 அழுத்தி சேஃப் மோடில் நுழைந்து, பெரிய பெரிய ஐகான்களோடு வரும் திரையில் பழைய டிரைவரை நீக்குவார். டிஸ்பிளே அமைப்பில் ஹார்டுவேர் ஆக்சலரேஷனுக்கு ஒரு நகர்த்துப் பட்டை இருந்தது. அதைப் படிப்படியாக இடப்பக்கம் இழுத்துக்கொண்டே வந்து எந்தப் படியில் ஹேங் நிற்கிறது என்று பார்ப்பார். என் கணக்கில் அந்தக் காலத்தின் மிக நல்ல பரிசோதனைக் கருவி அதுதான். யாரும் அதைப் புகழ்ந்ததில்லை. டிரைவர் சிடி தொலைந்துபோன வீடுகளில் கதை வேறு. எங்கிருந்தோ எடுத்த டிரைவரைப் போடும்போது, இது சோதனையில் தேறவில்லை என்று எக்ஸ்பி எச்சரிக்கும். ‘கன்டினியூ எனிவே’ பொத்தானை அழுத்தாதவரை நான் பார்த்ததில்லை.

இந்த நிலை மாறுவதற்கான முதல் அடையாளம் 2003-இல் தெரிந்தது. ஏடிஐ நிறுவனம் தன் கேட்டலிஸ்ட் 3.8 டிரைவரில், கார்டு உறைந்தால் அதை மட்டும் மீட்டெடுக்கும் வசதியைச் சேர்த்தது. அதே எண்ணத்தை இயங்குதளமே ஏற்றுக்கொண்டது விண்டோஸ் விஸ்டாவில், 2007 ஜனவரியில். கிராஃபிக்ஸ் டிரைவரை இரண்டாகப் பிரித்து, பெரும்பகுதியைக் கெர்னலுக்கு வெளியே அனுப்பினார்கள். சின்னப் பகுதி மட்டும் உள்ளே நின்றது. கார்டுக்குக் கொடுத்த வேலை 2 நொடிக்குள் முடியவும் இல்லை, அது வழிவிடவும் இல்லை என்றால், விண்டோஸே கார்டை மீட்டமைத்து டிரைவரைப் புதிதாகத் தொடங்கிவிடும். திரை ஒரு கணம் கறுத்து மீண்டும் வரும். டிரைவர் பதிலளிக்கவில்லை, இப்போது மீண்டுவிட்டது என்று மூலையில் ஒரு குமிழ் எட்டிப் பார்க்கும்.

வேடிக்கை என்னவென்றால், அமைப்பைச் சீராக்கிய அந்த ஆண்டுதான் டிரைவர்களுக்கு மோசமான ஆண்டு. எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டியிருந்ததே! விஸ்டா தொடர்பான ஒரு வழக்கில் 2008-இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் உள்மின்னஞ்சல்களின்படி, 2007-இல் பதிவான விஸ்டா முறிவுகளில் சுமார் 29 சதவீதம் கார்டு நிறுவனமான என்விடியாவின் டிரைவர்களால் வந்தவை. ஜனங்கள் திட்டியது விஸ்டாவை.

லினக்ஸ் பக்கமும் இதே பயணம், பாதைதான் வேறு. அங்கே திரை உறைந்தால் கன்ட்ரோல், ஆல்ட், பேக்ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி திரையில் வரையும் எக்ஸ் சர்வர் நிரலைக் கொன்றுவிட்டு மறுபடி தொடங்குவார்கள். 2009-இல் வந்த 2.6.29 கெர்னலிலிருந்து திரை அமைப்பு வேலை கெர்னலிடம் வரத் தொடங்கியது. 2012-இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸுக்கு ஒத்துழைக்கவில்லை என்று என்விடியாவை மேடையிலேயே கெட்ட வார்த்தையால் திட்டியதை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அதே நிறுவனம் 2022 மே மாதம் தன் லினக்ஸ் டிரைவரின் கெர்னல் பகுதியைத் திறமூலமாக வெளியிட்டது.

இன்று என்ன நிலை? திரை ஒரு நொடி கறுத்துத் திரும்பி வந்தால் மானிட்டர் கேபிள் லூசு என்று நினைத்துக்கொண்டு வேலையைத் தொடர்கிறோம். வேர்டு தப்பித்துவிடும். விளையாட்டோ வீடியோ எடிட்டிங் மென்பொருளோ மட்டும் மூடிக்கொள்ளும். ஒரு நிமிடத்துக்குள் ஐந்து முறைக்கு மேல் இப்படி நடந்தாலோ, மீட்பே தோற்றாலோதான் நீலத் திரை. இது பெரிய முன்னேற்றம், சந்தேகமில்லை. ஆனால் மாத்திரை போட்டு அடக்கிய காய்ச்சல் போல, நோய் உள்ளேயே இருக்கிறது. அன்று ஒரு தடவை ஹேங் ஆனால் கேபினட்டைத் திறந்தோம். இன்று பல வாரம் கறுத்துக் கறுத்து வந்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இத்தனைக்கும் இன்று தடயத்துக்குப் பஞ்சமில்லை. ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு ஒவ்வொரு மீட்பும் நேரம் குறித்துப் பதிவாகிறது, எந்த டிரைவர் என்பது உட்பட. ரிலையபிலிட்டி மானிட்டரைத் திறந்தால் எந்தத் தேதியில் தொல்லை தொடங்கியது, அதற்கு முன் எந்த அப்டேட் வந்தது என்று நாள்வாரியாகக் காட்டும். திரை உறைந்து நின்றால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்திக் கிராஃபிக்ஸை மீட்டமைக்கலாம். ரீசெட் பொத்தானுக்கு முன் செய்து பார்க்க வேண்டியது இதுதான்.

சில பழைய பாடங்கள் தலைகீழாகிவிட்டன. அணைத்துப் போட்டால் சரியாகும் என்பது அன்று பெரும்பாலும் உண்மை. இன்று ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால் கெர்னலும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே வட்டில் எழுதப்பட்டு, அடுத்த தடவை அப்படியே திரும்பி வருகின்றன. புத்தம் புதிதாகத் தொடங்க ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். சிடி தேடிய காலம் போய், இப்போது விண்டோஸ் அப்டேட் கேட்காமலே டிரைவரை மாற்றிவிடுகிறது. எஃப்8-உம் இயல்பாக வேலை செய்வதில்லை. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்துதான் சேஃப் மோடுக்குப் போக வேண்டும். புதியது நல்லது என்றும் நம்ப முடியாது. 2025 தொடக்கத்தில் என்விடியாவின் 50 வரிசை கார்டுகள் வந்தபோது கறுப்புத் திரைப் புகார்கள் குவிந்து, நிறுவனம் அடுத்தடுத்துத் திருத்தங்கள் வெளியிட வேண்டியிருந்தது.

யூடியூபில் பரவும் ஒரு வைத்தியத்தையும் சொல்ல வேண்டும்: ரெஜிஸ்ட்ரியில் அந்த 2 நொடிக் கெடுவை 10-ஆக உயர்த்துவது. கனமான ரெண்டரிங் செய்பவர்களுக்கு அது சரி. மற்றவர்களுக்கு 2 நொடி உறைந்த திரை 10 நொடி உறையும், அவ்வளவுதான்.

இருபது ஆண்டில் துளியும் மாறாதது ஒன்று உண்டு. கடைக்குக் கொண்டுபோனால், “ஃபார்மட் பண்ணிடலாம் சார்” என்பார்கள். ஃபார்மட் செய்த பிறகு அதே டிரைவர் அப்டேட் வழியே மறுபடி இறங்கும், அதே திரை மறுபடி உறையும். அதனால் தலையாட்டும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். டிவைஸ் மேனேஜரில் உங்கள் டிஸ்பிளே அடாப்டரைத் திறந்து, டிரைவரின் தேதியையும் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அதே பக்கத்தில் எக்ஸ்பி காலத்திலிருந்து இருந்துவரும் ரோல் பேக் பொத்தான் உயிரோடு இருந்தால், முதலில் அதை அழுத்திப் பாருங்கள்.