டர்போ டிராக்டருக்கு அழுத்தமானி

சேலம், நாமக்கல் வட்டாரங்களில் ஓடும் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்கள் பலவற்றில் டர்போ உள்ளது. புகையின் விசையால் சுழன்று, இன்ஜினுக்குக் கூடுதல் காற்றைச் செலுத்துவது அதன் வேலை. காற்று குறைந்தால் டீசல் முழுதும் எரியாது. கரும்புகை வரும், இழுவை குறையும், இன்ஜின் சூடேறும்.

இதை முன்கூட்டியே அறிய அழுத்தமானி உதவும். டர்போவிலிருந்து இன்ஜினுக்குச் செல்லும் காற்றுக் குழாயில் சிறு நிப்பிள் பொருத்தி, வெப்பம் தாங்கும் டியூப் மூலம் மீட்டருடன் இணைக்க வேண்டும். குழாயைக் கழற்றிய பின்பே துளையிடுக. உலோகத்தூள் உள்ளே போனால் இன்ஜின் கெடும். உத்தரவாதக் காலமானால் விற்பனையாளரைக் கேட்டுச் செய்க.

ஏர் கிளீனரைச் சுத்தம் செய்து, உழவின்போது மீட்டர் காட்டும் அளவைக் குறித்து வைக்கவும். பின்னர் அதே கியரில், அதே வேலையில் அளவு குறைந்தால், முதலில் ஏர் கிளீனரையும் அடுத்து குழாய்க் கிளிப்புகளையும் பார்ப்பது நலம்.