நகர்பேசிச் செயலிகளில் வலையமைப்புக் கோரிக்கைப் பிழைகள்

வலையமைப்புக் கோரிக்கைப் பிழை என்பது, நகர்பேசியில் இயங்கும் ஒரு செயலி தொலைவில் உள்ள வழங்கிக்கு அனுப்பிய கோரிக்கைக்கு உரிய மறுமொழியைப் பெற இயலாதபோது ஏற்படும் பிழை ஆகும். வழங்கி என்பது சர்வர் எனப் பரவலாக அறியப்படும் கணினி. பயனரின் திரையில் இப்பிழை பெரும்பாலும் "இணைப்பு இல்லை, மீண்டும் முயல்க" என்னும் ஒற்றை வரியாகவே தோன்றுகிறது. நிரலருக்கும் சில வேளைகளில் அதைவிட மிகுதியாகத் தெரிவதில்லை. ரியாக்ட் நேட்டிவ் சட்டகத்தில் "நெட்வொர்க் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு" என்னும் ஒரே செய்தி, பெயர் தவறான வழங்கிக்கும், காலாவதியான சான்றிதழுக்கும், அலைபேசிக் கோபுரம் எட்டாத இடத்துக்கும் பொதுவாக வருகிறது. எனவே, பிழைநீக்கத்தின் முதல் வேலை, கோரிக்கை எந்தக் கட்டத்தில் நின்றது என்று அறிவதே ஆகும்.

ஓர் எடுத்துக்காட்டு

பூண்டி, திண்டுக்கல் மாவட்டத்தின் கொடைக்கானல் வட்டத்தில், பழனி மலைத்தொடரின் மேல்மலைப் பகுதியில் அமைந்துள்ள ஊர். மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை ஆகியவை இதை அடுத்துள்ள ஊர்கள். இப்பகுதியில் உருளைக்கிழங்கும் பூண்டும் பயிரிடப்படுகின்றன. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019 இல் புவிசார் குறியீடு பெற்றது. மலைப்பூண்டு விற்பனைக்குப் பெயர் பெற்ற சந்தை, மலைக்குக் கீழே தேனி மாவட்டத்தின் வடுகபட்டியில் உள்ளது. (ஊர்ப்பெயரும் பயிர்ப்பெயரும் ஒத்து ஒலிப்பதால், கீழ்வரும் பத்திகளில் பூண்டி ஊரையும் பூண்டு பயிரையும் குறிக்கும் எனக் கொள்க.)

பூண்டியில் உள்ள உழவர் ஒருவர், 20 மூட்டை பூண்டு அனுப்புவதாக வடுகபட்டி வணிகருக்கு ஒரு செயலி வழியே பதிவு செய்கிறார் எனக் கொள்வோம். பொத்தானை அழுத்துகிறார். வட்டம் சுழல்கிறது. பத்து நொடிகளுக்குப் பின் "தோல்வி" என்று வருகிறது. பதிவு போய்ச் சேர்ந்ததா? மீண்டும் அழுத்தினால் 40 மூட்டை என்று பதிவாகுமா? அழுத்தாவிட்டால் வண்டி வராமலே போகுமா? செயலியை எழுதியவர் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ அகலப்பட்டை இணைப்பில் அமர்ந்து சோதித்திருப்பார். அங்கே இக்கேள்விகள் எழுவதே இல்லை.

கோரிக்கை கடக்கும் கட்டங்கள்

ஒரு கோரிக்கை மறுமொழியாகத் திரும்பும் முன் ஐந்து கட்டங்களைக் கடக்கிறது. முதலில் வழங்கியின் பெயர் டிஎன்எஸ் எனப்படும் களப்பெயர் முறைமை வழியாக ஐபி முகவரியாக மாற்றப்படுகிறது. அடுத்து அம்முகவரியுடன் டிசிபி இணைப்பு ஏற்படுத்தப்படுகிறது. பின்னர் டிஎல்எஸ் நெறிமுறைப்படி சான்றிதழ் சரிபார்க்கப்பட்டு மறையீடு தொடங்குகிறது. அதன்பின் எச்டிடிபி கோரிக்கை சென்று, நிலைக்குறியீட்டுடன் மறுமொழி வருகிறது. கடைசியாகச் செயலி அந்த மறுமொழியைப் படித்துப் பொருள் கொள்கிறது.

ஒவ்வொரு கட்டத்தின் தோல்விக்கும் தனி அடையாளம் உண்டு. ஐபோனில் இவை எண்களாகக் கிடைக்கின்றன. -1009 என்பது கருவி இணையத்தில் இல்லை என்பதையும், -1003 வழங்கியின் பெயர் கிடைக்கவில்லை என்பதையும், -1004 வழங்கியுடன் இணைய இயலவில்லை என்பதையும், -1001 காலம் கடந்துவிட்டது என்பதையும், -1005 இணைப்பு நடுவில் அறுந்தது என்பதையும் குறிக்கின்றன. ஆண்ட்ராய்டில் இதே நிலைகள் வெவ்வேறு பெயர் கொண்ட விதிவிலக்குகளாக எழுகின்றன. பயனருக்கு எளிய தமிழில் செய்தி காட்டுவது நல்லதே. ஆனால், அச்செய்தியை எழுதும் அதே வரியில் மூலப் பிழையை எறிந்துவிடுவது பரவலாகக் காணப்படும் தவறான பழக்கம். மூல எண்ணும், நேரமும், இணைப்பு வகையும் குறிப்பேட்டுக் கோப்பில் இருந்தால் பல மணி நேரத் தேடல் மிச்சமாகும்.

நான்காம் கட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. 404, 500, 503 போன்ற நிலைக்குறியீடுகள் வந்தால் வலையமைப்பு ஒழுங்காக வேலை செய்தது என்றே பொருள். வழங்கி பதில் அளித்திருக்கிறது, ஆனால் அது விரும்பிய பதில் இல்லை. ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச் செயற்கூறு இவற்றைத் தோல்வியாகவே கருதுவதில்லை. நிரலர் நிலைக்குறியீட்டைத் தாமே பார்க்க வேண்டும்.

உருவாக்கும்போது நேரும் பிழைகள்

தொடக்கநிலை மாணவர்கள் சந்திக்கும் பிழைகளில் பெரும்பகுதிக்கும் மலைக்கும் கோபுரத்துக்கும் தொடர்பில்லை. தம் கணினியில் ஓடும் வழங்கியை "லோக்கல்ஹோஸ்ட்" என்னும் பெயரால் செயலியில் குறிப்பிடுவது இவற்றுள் முதன்மையானது. நகர்பேசியில் அப்பெயர் நகர்பேசியையே குறிக்கும். ஆண்ட்ராய்டு போன்மியில் கணினியைக் குறிக்க 10.0.2.2 என்னும் முகவரி உள்ளது. உண்மையான கருவியில் சோதிக்கும்போது கணினியின் உள்ளக முகவரியைத் தர வேண்டும், இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும், வழங்கியும் 127.0.0.1 இல் மட்டுமன்றி எல்லா இடைமுகங்களிலும் செவிமடுக்க வேண்டும்.

மறையீடு இல்லாத எச்டிடிபி முகவரிகளை ஐபோன் 2015 இல் வெளிவந்த ஐஓஎஸ் 9 முதலும், ஆண்ட்ராய்டு 2018 இல் வெளிவந்த 9 ஆம் பதிப்பு முதலும் இயல்பாகவே தடுக்கின்றன. ஐபோனில் இதன் எண் -1022. வழங்கியைத் தேடி அலைவதற்கு முன் முகவரி "எச்டிடிபிஎஸ்" எனத் தொடங்குகிறதா என்று பார்ப்பது நலம். ஃபிளட்டரில் எழுதியோர்க்கு இன்னொரு கண்ணி உண்டு. இணைய அனுமதி வரி பிழைநீக்கப் பதிப்பில் தானாகச் சேர்க்கப்படுகிறது. வெளியீட்டுப் பதிப்பில் அதை நிரலர் சேர்க்காவிட்டால், மேசையில் ஓடிய செயலி பயனரின் கையில் ஒரு கோரிக்கையையும் அனுப்பாது.

சான்றிதழ்

"உலாவியில் திறக்கிறது, செயலியில் திறக்கவில்லை" என்னும் முறையீட்டுக்குப் பெரும்பாலும் சான்றிதழே காரணம். வழங்கி தன் சான்றிதழோடு இடைநிலைச் சான்றிதழையும் அனுப்ப வேண்டும். அது விடுபட்டால் கணினி உலாவிகள் பல தாமே தேடிப் பெற்றுக்கொள்கின்றன. ஆண்ட்ராய்டுச் செயலி அவ்வாறு செய்வதில்லை.

பழைய கருவிகளில் சிக்கல் வேறு. லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்கள் சார்ந்திருந்த பழைய வேர்ச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. ஆண்ட்ராய்டு 7.1.1 க்கு முந்தைய கருவிகளில் புதிய வேர் இல்லை. அக்கருவிகளுக்காகச் செய்யப்பட்ட சிறப்பு ஏற்பாடும் 2024 செப்டம்பர் 30 உடன் முடிந்தது. நகரத்தில் கைமாறி, பழைய விலைக்கு வாங்கப்பட்டு, ஊர்ப்புறத்தில் இன்றும் பயனில் உள்ள கருவிகளே இதனால் பாதிக்கப்படுபவை. நிரலரின் மேசையில் அத்தகைய கருவி இருப்பதில்லை. கருவியின் நாள் தவறாக இருந்தாலும் சான்றிதழ் செல்லாது எனவே தோன்றும். மின்கலம் முற்றிலும் தீர்ந்து மீண்ட கருவிகளில் இதை முதலில் பார்க்கலாம்.

சான்றிதழ்ச் சரிபார்ப்பையே நிறுத்திவிடும் நிரல்துண்டுகள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. அவை பிழையை நீக்குவதில்லை, பயனரின் கடவுச்சொல்லை இடையில் இருப்பவருக்குத் திறந்து விடுகின்றன.

ஓர் இணைப்பில் இயங்கி இன்னொன்றில் தோற்பது

2014 டிசம்பரில் இந்தியத் தொலைத்தொடர்புத் துறையின் ஆணையால் கிட்ஹப் உள்ளிட்ட 32 இணையதளங்கள் தடுக்கப்பட்டன. அத்தகைய தடை எல்லா நிறுவனங்களின் இணைப்பிலும் ஒரே வேளையில், ஒரே முறையில் நடைமுறைக்கு வருவதில்லை. ஆகவே, ஒருவருக்கு வேலை செய்து மற்றவருக்குத் தோற்கும் கோரிக்கையில் முதலில் கேட்க வேண்டியது, எந்த நிறுவனத்தின் இணைப்பு என்பதே.

முகவரி முறையும் வேறுபடும். 2016 செப்டம்பர் 5 அன்று சேவையைத் தொடங்கிய ஜியோ, ஐபி பதிப்பு 6 ஐப் பெருமளவில் பயன்படுத்துகிறது. ஆப்பிள் நிறுவனம் 2016 சூன் 1 முதல், பதிப்பு 6 மட்டுமே உள்ள வலையமைப்பிலும் செயலிகள் இயங்க வேண்டும் என்று விதித்தது. வழங்கியின் பெயருக்கு மாறாகப் பழைய பதிப்பு 4 முகவரியை நிரலுக்குள் நேரடியாக எழுதிய செயலிகள் இத்தகைய இணைப்புகளில் தடுமாறக்கூடும்.

விடுதிகளின் வைஃபை இன்னொரு வகை. கொடைக்கானல் போன்ற சுற்றுலா ஊர்களில் தங்குவோர் நன்கு அறிந்தது இது. அறை எண்ணைத் தரும்வரை எந்தக் கோரிக்கைக்கும் விடுதியின் நுழைவுப் பக்கமே மறுமொழியாக வரக்கூடும். மறையீடுள்ள கோரிக்கை சான்றிதழ்ப் பிழையாகும். மறையீடில்லாததோ 200 என்னும் வெற்றிக் குறியீட்டுடன் வந்து, ஜேசன் தரவை எதிர்பார்த்த செயலியை ஐந்தாம் கட்டத்தில் கவிழ்க்கும்.

மலைப்பகுதியில் இணைப்பு

மேல்மலை ஊர்களுக்கு இடையே முகடுகளும் பள்ளங்களும் உள்ளன. வானொலி அலைகள் முகட்டுக்குப் பின்னால் வலுவிழக்கின்றன. இதனால் ஒரே ஊரில் சாலை வளைவுக்கு இப்புறம் இணைப்பும் அப்புறம் வெறுமையும் இருக்கலாம். திரையின் மேலே தெரியும் கோடுகள், கோபுரத்திலிருந்து வரும் அலையின் வலுவை மட்டுமே காட்டுகின்றன. நான்காம் தலைமுறைக் கருவி ஒன்று பொதுவாக 0.2 வாட்டு ஆற்றலுக்கு மேல் அலைபரப்புவதில்லை. கோபுரத்தின் ஆற்றல் அதைப்போலப் பல மடங்கு. எனவே, கோபுரத்தின் குரல் கருவிக்குக் கேட்கும், கருவியின் குரல் கோபுரத்தை எட்டாது. கோடுகள் இருந்தும் கோரிக்கை போகாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். கோபுரத்தைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்துவது மற்றொன்று.

இதனால், "இணையம் உள்ளதா" என்று கருவியைக் கேட்டுவிட்டுக் கோரிக்கை அனுப்பும் வழக்கம் பெரும் பயன் தருவதில்லை. அனுப்பிப் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை. காத்திருக்கும் காலத்தையும் கவனிக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் பரவலாகப் பயன்படும் ஓகேஎச்டிடிபி நூலகம் இணைவதற்கும் படிப்பதற்கும் இயல்பாகத் தலா 10 நொடிகள் தருகிறது. ஐபோனின் இயல்பு 60 நொடிகள். ஒரே வழங்கி, ஒரே இடம் என்றாலும், ஆண்ட்ராய்டில் தோல்வியும் ஐபோனில் தாமதமான வெற்றியும் கிடைக்க இது காரணமாகலாம்.

இந்த நிலையை மலைக்குப் போகாமலும் உருவாக்கலாம். ஆண்ட்ராய்டு போன்மியில் வேகத்தையும் தாமதத்தையும் மாற்றும் வசதி உண்டு. ஐபோனுக்கு ஆப்பிளின் நெட்வொர்க் லிங்க் கண்டிஷனர் என்னும் கருவி உள்ளது. கோரிக்கை பாதியில் இருக்கும்போது விமானப் பயண நிலையை இயக்குவது எளிமையான சோதனை, ஆனால் பலர் செய்யாதது.

நிகழ்ந்ததா, இல்லையா

உழவரின் 20 மூட்டைக்குத் திரும்புவோம். காலம் கடந்தது என்னும் பிழை இரண்டு வேறுபட்ட நிகழ்வுகளுக்குப் பொது. கோரிக்கை வழங்கியை எட்டாமலே போயிருக்கலாம். அல்லது எட்டி, பதிவாகி, மறுமொழி மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். கருவியின் பக்கம் நின்று இவ்விரண்டையும் பிரித்தறிய வழியில்லை. இதன் கோட்பாட்டு வடிவத்தை 1975 இல் அக்கோயுன்லு, ஏகநாதம், ஊபர் ஆகிய மூவர் வெளியிட்டனர். 1978 இல் ஜிம் கிரே இதற்கு "இரு தளபதிகள் சிக்கல்" என்று பெயரிட்டார். நம்பகமற்ற வழியில் செய்திகளை எத்தனை முறை பரிமாறினாலும் இருவரும் ஒரே முடிவில் உறுதிகொள்ள இயலாது என்பது இதன் சாரம்.

இந்தியாவில் பலரும் இதை யுபிஐ பணப்பரிமாற்றத்தில் அறிந்திருப்பர். கணக்கில் பணம் கழிந்திருக்கும், பெறுபவருக்குப் போயிருக்காது. இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, தனியாள்களுக்கு இடையிலான இத்தகைய யுபிஐ பரிமாற்றம் மறுநாளுக்குள்ளும், வணிகர்க்குச் செலுத்தியது ஐந்து நாட்களுக்குள்ளும் தானாகத் திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வலையமைப்பால் தர இயலாத உறுதியைக் கணக்கு ஒத்திசைவும் விதியும் தருகின்றன.

சிறு செயலிக்கும் வழி உண்டு. பொத்தானை அழுத்தியவுடன் கருவியே அப்பதிவுக்கு மீளாத ஓர் அடையாள எண்ணை உருவாக்கி, கோரிக்கையுடன் அனுப்ப வேண்டும். மீண்டும் முயலும்போதும் அதே எண்ணையே அனுப்ப வேண்டும். வழங்கி அந்த எண்ணை முன்பே கண்டிருந்தால் புதிதாகப் பதியாமல் பழைய மறுமொழியையே திருப்பித் தரும். அப்போது உழவர் ஏழு முறை அழுத்தினாலும் 20 மூட்டையே. எச்டிடிபி நெறிமுறையில் கெட், புட், டெலிட் ஆகியவை மீண்டும் செய்தாலும் விளைவு மாறாதவை என வரையறுக்கப்பட்டுள்ளன. போஸ்ட் அவ்வாறன்று. ஆகவே போஸ்டுக்கே இந்த எண் தேவைப்படுகிறது.

பதிவை முதலில் கருவியிலேயே சேமித்து, "அனுப்பப்படவில்லை" என்னும் குறியுடன் வரிசையில் வைத்து, இணைப்பு கிடைத்ததும் அனுப்புவது இதைவிடச் சிறந்தது. ஆண்ட்ராய்டில் வொர்க்மேனேஜர் நூலகம் இதற்கு உதவுகிறது. உழவர் தோட்டத்தில் பதிந்து, ஊருக்குள் வந்தபின் அது தானாகப் போய்ச்சேரும். ஆனால், குறி திரையில் தெளிவாகத் தெரிய வேண்டும். போய்ச்சேராத பதிவைப் போனதாகக் காட்டும் செயலி, பிழை காட்டும் செயலியைவிடத் தீங்கானது.

மீள்முயற்சியின் அளவு

தானாக மீண்டும் முயலும் செயலி ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டிக்க வேண்டும். 1, 2, 4, 8 நொடிகள் என. அதோடு சிறிது தற்போக்கான நேரத்தையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால், வழங்கி ஒரு நிமிடம் நின்று எழும்போது எல்லாக் கருவிகளும் ஒரே நொடியில் கதவைத் தட்டும். 400, 401, 404 போன்ற குறியீடுகளுக்கு அப்படியே மீண்டும் முயல்வதில் பயனில்லை. 429, 503 ஆகியவற்றுடன் எப்போது திரும்பலாம் என்னும் குறிப்பு வந்தால் அதை மதிக்க வேண்டும்.

2025 ஏப்ரல் 12 அன்று யுபிஐ சேவை பல மணி நேரம் தடைப்பட்டது. பரிமாற்றத்தின் நிலை என்ன என்று வினவும் கோரிக்கைகளைச் சில வங்கிகள் பழைய பரிமாற்றங்களுக்கும் சேர்த்துத் திரளாக அனுப்பியதே காரணம் என இந்தியத் தேசியக் கட்டணக் கழகத்தின் ஆய்வில் தெரியவந்தது. ஐயம் தீர்க்க எழுந்த கேள்விகளே முறைமையை அடைத்துவிட்டன. அதன்பின் இவ்வகைக் கோரிக்கைகளுக்கு வரம்புகள் விதிக்கப்பட்டன. 2025 ஆகத்து 1 முதல், கணக்கிருப்பைப் பார்ப்பதும் ஒரு பயனருக்கு ஒரு செயலியில் நாளொன்றுக்கு 50 முறை என வரையறுக்கப்பட்டது.