சுழல் தண்டுக்கு வீட்டிலேயே கிரீஸ்

டிராக்டரிலிருந்து ரோட்டவேட்டருக்கு விசையைக் கொண்டு செல்லும் தண்டின் இரு முனைகளிலும் கிராஸ் எனப்படும் சிலுவை வடிவ இணைப்பு உண்டு. அதன் நான்கு கிண்ணங்களுக்குள் ஊசி போன்ற உருளைகள் உள்ளன. கிரீஸ் வற்றினால் இவை தேய்ந்து கிராஸ் ஒடியும். அதுவும் பெரும்பாலும் நடவு அவசரத்தில்தான்! சேற்றுழவில் நீர் புகுந்து கிரீஸை வெளியேற்றுவதால், அந்நாட்களில் தினமும் மாலையில் கிரீஸ் இடுவது நலம். மற்ற நாட்களில் கருவியின் கையேட்டில் கண்ட மணிக்கணக்கைப் பின்பற்றலாம்.

முதலில் கருவியைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட வேண்டும். தண்டு ஓடும்போதே கிரீஸ் பூசுவோர் இன்னும் உள்ளனர். நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று. வேட்டி நுனியோ தோள் துண்டோ சிக்கினால் தப்ப அவகாசம் கிடையாது. தவிர, வெளியே பூசிய கிரீஸ் உள்ளே போகாது, புழுதியைத்தான் சேர்க்கும்.

நிப்பிளைத் துணியால் துடைத்த பின்பே கிரீஸ் கன்னைப் பொருத்த வேண்டும். லித்தியம் வகை 2-ஆம் எண் கிரீஸ் ஏற்றது. கிண்ணங்களின் ஓரத்தில் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை மெதுவாக அழுத்தலாம். ஒரு கிண்ணத்தில் மட்டும் வரவில்லை எனில், கிராஸைக் கழற்றிப் பார்ப்பது அவசியம். நிப்பிளே அடைத்திருந்தால் புதிது போடலாம், விலை சொற்பம்.

பின்னர் தண்டை டிராக்டரிலிருந்து விடுவித்து, நீளும் குழாய்களைப் பிரித்துத் துடைத்து, உள்குழாயில் மெல்லிய பூச்சு தரலாம். மீண்டும் கோர்க்கும்போது உட்புறக் கவைகள் இரண்டும் ஒரே நேரில் அமைய வேண்டும். தவறினால் தண்டு அதிரும். இடைஞ்சல் என்று கழற்றிப் போட்ட பிளாஸ்டிக் உறையையும் அன்றே மாட்டி, அதன் சங்கிலியைக் கட்டிவிட வேண்டும்.