ஒரே பெயரில் பல நகரங்கள்

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகேறும் நாம், ஆங்கில ஆவணங்களில் அதே தீவை 'டெல்ப்ட்' என்று வாசிக்கின்றோம். அது ஒல்லாந்து தேசத்து நகரொன்றின் பெயர். 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், எமது தீவுகளுக்குத் தமது நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பர்க் எனவும் நயினாதீவு ஹார்லெம் எனவும் அழைக்கப்பட்டன.

இவ்வழக்கம் ஒல்லாந்தரோடு தொடங்கியதன்று. கி.மு. 331இல் எகிப்தில் அலெக்சாந்திரியாவை நிறுவிய மகா அலெக்சாந்தர், மத்திய ஆசியா வரை தம் பெயரிலேயே பல நகரங்களை ஏற்படுத்தினார். அவருடைய தளபதியாயிருந்து பின்னர் மன்னரான செலூக்கஸ், தம் பெயரால் செலூக்கியா, தந்தை பெயரால் அந்தியோக்கியா, தாய் பெயரால் லவோதிக்கேயா, மனைவி பெயரால் அபாமியா என நகரங்களை அமைத்தார். ஒரே பெயர் பல இடங்களில் வழங்கியதால், 'ஒரொண்டஸ் நதிக்கரை அந்தியோக்கியா' என அடைமொழியிட்டே அவற்றைப் பிரித்தறிய வேண்டியிருந்தது. ஆட்சியின் முத்திரையை மண்ணில் பதிப்பதே இப்பெயரீடுகளின் நோக்கம் எனலாம்.

ஆனால், மக்கள் நாவில் ஏறிய பெயர்களே நிலைத்தன. எகிப்திய நகரம் அரபு மொழியில் இஸ்கந்தரிய்யாவாக வாழ்கின்றது. லவோதிக்கேயாக்களுள் ஒன்று சிரியாவின் லத்தாக்கியாவாயிற்று. யாசீன் அத்தியாய விரிவுரைகளில் முஸ்லிம் வாசகர்கள் கேட்டறிந்த அந்தாக்கியாவே ஒரொண்டஸ் கரை அந்தியோக்கியா. 2023ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அந்நகர் பேரழிவைச் சந்தித்தது. தைகிரீஸ் கரைச் செலூக்கியாவோ இன்று வெறும் மண்மேடு.

எமது தீவகத்திலும் இதுவே நிகழ்ந்தது. ஆம்ஸ்டர்டாமும் ஹார்லெமும் பழைய வரைபடங்களோடு ஒடுங்கின. டெல்ப்டும், துறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்த 'கைட்ஸ்' என்பதும் ஆங்கிலத்தில் மட்டும் எஞ்சின. மக்களுக்கு அவை என்றும் நெடுந்தீவும் ஊர்காவற்றுறையுமே. அம்பாறையிலும் புத்தளத்திலும் காரைதீவுகள் உண்டு. எனவே பெயர் மயக்கத்தைத் தவிர்க்க, யாழ்ப்பாணத்துக் காரைதீவு 1920களில் காரைநகர் எனப் பெயர் மாற்றப்பட்டது. அம்மாற்றத்தை ஊரவரே விரும்பி ஏற்றனர். ஆதலால் அது நிலைத்தது.

நாகபூஷணி அம்மன் ஆலயமும் பௌத்த விகாரையும் பள்ளிவாசலும் அமைந்த நயினாதீவு, சிங்களத்தில் நாகதீப எனப்படுகின்றது. அவரவர் மொழியில் அவரவர் பெயர் வழங்குவதில் தவறில்லை. ஒன்றை அழித்து மற்றொன்றை ஏற்றுவதே தவறு. நெடுந்தீவு என்ற பெயரை ஆங்கிலத்திலும் அவ்வாறே எழுதும் பழக்கத்தை, பிறரிடம் கோருவதற்கு முன் நாமே தொடங்குதல் வேண்டும்.