போன்சாய் இலை கொட்டுகிறதா? தண்ணீர்க் குவளையைக் கீழே வையுங்கள்

பழைய மதிலின் வெடிப்பிலும் கோயில் கோபுரத்தின் இடுக்கிலும் அரசும் ஆலும் தானாக முளைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. அதே இனத்துச் செடி ஒன்றை நர்சரியில் காசு கொடுத்து வாங்கி வந்து, ஹாலில் டிவி பக்கத்தில் வைத்து, நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். மூன்றாவது வாரம் அது இலையைக் கொட்டுகிறது. ஏன்?

மதிலில் வெயில் உண்டு, தண்ணீர் குறைவு. ஹாலில் தண்ணீர் உண்டு, வெயில் இல்லை. வீட்டுக்குள் வைத்த போன்சாய் இலை கொட்டுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஆனால் உங்கள் செடிக்கு என்ன குறை என்று தெரிந்துகொள்ளாமல் கை வைக்காதீர்கள்.

நர்சரியில் 'ஃபைக்கஸ்' என்று சொல்லித் தந்தார்களே, அது என்ன? ஆல், அரசு, அத்தி, இச்சி எல்லாம் அடங்கிய பேரினத்தின் (நெருங்கிய உறவுள்ள செடிகளின் தொகுதி) பெயர்தான் அது. இலையைக் கிள்ளினால் பால் வடியும். அடி பருத்துக் கிழங்கு போல இருப்பதை 'ஜின்செங் ஃபைக்கஸ்' என்று விற்பார்கள். மருந்துக்குப் பயன்படும் ஜின்செங்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இலை எல்லாம் போய்விட்டதே, செடி செத்துவிட்டதா? ஒரு சிறு கிளையின் தோலை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் அந்தக் கிளை போய்விட்டது. அடுத்து தடித்த கிளையைக் கீறுங்கள், பிறகு அடிமரத்தை. அடிமரம் பச்சையாக இருக்கும்வரை செடியைத் தூக்கி எறிய வேண்டாம்.

செடி ஏன் இலையை உதிர்க்கிறது? ஒவ்வொரு இலையையும் வைத்திருக்கச் செடிக்குச் செலவு உண்டு. வெளிச்சம் குறைந்தோ வேர் கெட்டோ வரவு குறைந்தால், இலைக்காம்பின் அடியில் ஒரு மெல்லிய தடுப்பை (உதிர்வு அடுக்கு) உண்டாக்கி இலையைக் கழற்றிவிடும். காயைப் பழுக்க வைக்கும் எத்திலீன் வாயுவுக்கு இதிலும் பங்கு உண்டு. ஆக, இலை கொட்டுவது நோயல்ல. செலவைக் குறைக்கச் செடி எடுக்கும் நடவடிக்கை.

அப்படியானால் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கீழே விழுந்த இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். பச்சையாகவே விழுந்திருந்தால், சூழ்நிலை திடீரென மாறியிருக்கிறது. மஞ்சளாகி மெத்தென்று விழுந்திருந்தால் முதலில் தண்ணீர் மிகுதியைச் சந்தேகப்படுங்கள். சருகாக நொறுங்கினால் தண்ணீர் போதவில்லை. பிசுபிசுத்தால், புள்ளி விழுந்திருந்தால், சுருண்டிருந்தால் பூச்சி. கிளையின் உட்புறத்தில் இருந்த பழைய இலை மாதத்துக்கு நாலைந்து மட்டும் விழுந்தால் கவலையே வேண்டாம், அது முதுமை. அரச மரப் போன்சாய் என்றால், மாசி, பங்குனியில் மொத்தமாக உதிர்த்துத் தளிர் விடுவதும் இயல்புதான்.

வாங்கி வந்து பத்து நாள்தான் ஆகிறது, பச்சை இலையாகக் கொட்டுகிறது. என்ன செய்ய? நர்சரியின் வெளிச்சத்துக்குப் பழகிய இலைகள் உங்கள் அறைக்குப் பொருந்தவில்லை. வெளிச்சமான ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டு, அங்கிருந்து நகர்த்தாதீர்கள். இன்று ஜன்னல், நாளை மொட்டை மாடி, மறுநாள் படுக்கையறை என்று அலையவிட்டால் ஒவ்வொரு முறையும் கொட்டும். இரண்டு, மூன்று வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஏசி காற்று நேராகப் படும் இடமும், ஃபிரிட்ஜின் சூடு படும் இடமும் ஆகாது.

எங்கள் அறை நல்ல வெளிச்சம்தானே? நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிவது செடிக்குப் போதாமல் இருக்கலாம். பகல் பன்னிரண்டு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, செடிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல் விரலாக நிழல் விழுந்தால் நல்ல இடம். மங்கலாக விழுந்தால் ஜன்னல் பக்கம் கொண்டுபோங்கள். நிழலே விழவில்லை என்றால் அந்த இடத்தில் செடி பிழைக்காது. காலை வெயில் படும் கிழக்கு ஜன்னல் மிகப் பொருத்தம். உள்ளேயே இருந்த செடியை ஒரேயடியாக உச்சி வெயிலில் வைத்தால் இலை கருகும். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள்.

தினமும் தண்ணீர் ஊற்றலாமா? நாளைக் கணக்கு வைத்து ஊற்றக் கூடாது. விரலை முதல் கணு வரை மண்ணில் விடுங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்கு வேண்டாம். காய்ந்திருந்தால், அடித்துளை வழியாக வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். வேருக்கும் மூச்சு வேண்டும்; எந்நேரமும் ஊறிய மண்ணில் காற்று இருக்காது, வேர் அழுகும். வேர் அழுகிய செடியால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் இலை வாடும். வாடியதைப் பார்த்து நாம் இன்னும் ஊற்றுவோம். நிறையச் செடிகள் இப்படித்தான் போகின்றன.

தொட்டியில் துளை இருக்கிறதா? அழகுத் தொட்டிகள் பலவற்றில் இருக்காது, உடனே மாற்றுங்கள். மேலே கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டியிருந்தால் பெயர்த்து எடுங்கள். தண்ணீர் உள்ளே இறங்காது. நன்றாகக் காய்ந்துபோன தென்னை நார்க்கழிவு தண்ணீரை ஏற்காமல் ஓரமாக ஓடவிடும். அப்போது தொட்டியை வாளித் தண்ணீரில் கால் மணி நேரம் வைத்து எடுங்கள்.

மண் நாறுகிறது, என்ன செய்வது? செடியை வெளியே எடுங்கள். நல்ல வேர் வெளிறிய நிறத்தில், கெட்டியாக இருக்கும். அழுகியது கறுத்து, தொட்டால் குழைந்து வரும். அதைச் சுத்தமான கத்தரியால் நீக்கிவிட்டு, பொடி செங்கல் துண்டு, பெருமணல், மக்கிய இலை உரம் கலந்த, நீர் நிற்காத கலவையில் நடுங்கள். பால் தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும், கையுறை நல்லது.

பூச்சி என்றால்? இலையின் அடிப்புறத்தையும் கணுக்களையும் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. தண்டில் பழுப்புப் புடைப்புகள் இருந்து, நகத்தால் சுரண்டினால் கழன்று வந்தால் செதில் பூச்சி. இளம் இலை நீளவாக்கில் மடிந்து, உள்ளே கறுப்பாக ஏதாவது ஊர்ந்தால் இலைப்பேன். அந்த இலைகளைக் கிள்ளிப் பையில் கட்டி எறியுங்கள். மற்றவற்றுக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். வாரம் ஒரு முறை, மூன்று வாரம் செய்ய வேண்டும். ஒரே முறையில் முட்டைகள் ஒழியாது.

சீக்கிரம் தேற உரம் போடலாமா? கூடாது. இலை இல்லாத, வேர் தளர்ந்த செடிக்கு உரம் சுமைதான். புதுத் தளிர் விரிந்த பிறகு சிறிதளவு போடுங்கள். இலை குறைந்தால் தண்ணீர்த் தேவையும் குறையும் என்பதையும் மறக்காதீர்கள்.

எத்தனை நாள் பொறுப்பது? வெளிச்சமும் வெப்பமும் இருந்தால் மூன்று முதல் ஆறு வாரத்தில் கிளை நுனிகளில் மொட்டு தெரியும். அதுவரை ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இடம், மண், உரம், மருந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், செடி தேறினாலும் எதனால் தேறியது என்று தெரியாது. அடுத்த முறையும் குழம்புவீர்கள். இன்றைக்கு உங்கள் வேலை இரண்டுதான்: விழுந்த இலையைப் பாருங்கள், மண்ணில் விரலை விடுங்கள்.