கைப்பிடிக்கு அடியில் ஒளிந்திருந்த நிறம்

பாலமும் காரும் ஒரே வயசு. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா சொல்லும் முதல் செய்தி இதுதான். புரோட்டோன் சாகா அறிமுகமானது 1985 ஜூலை 9. பினாங்குப் பாலம் திறந்தது அதே ஆண்டு செப்டம்பரில். மறு ஆண்டு அப்பா வாங்கிய சாகா இன்னும் தாசேக் கெலுகோரில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது.

மழைநீர் இறங்கி, ஓட்டுநர் பக்கக் கதவின் உட்பலகை ஊறி உதிர்ந்துவிட்டது. சுங்கை பட்டாணியில் ஒரு பழைய சாமான் கடையில் மாற்றுப் பலகை கிடைத்தது. ஆனால் அது சாம்பல் நிறம். எங்களுடையது பழுப்பு. இதென்ன பெரிய விஷயம் என்று நான் ஒரு ஸ்பிரே டப்பா வாங்கி அடித்தேன். ஈரத்தில் பொருந்திய நிறம், காய்ந்ததும் செங்கல் போல் ஆனது. இரண்டே நாளில் உரியவும் தொடங்கியது. வானொலியில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

குஷன் கடை அண்ணன்தான் விளக்கினார். வினைல் வளையும், சாதாரண பெயிண்ட் வளையாது. அதற்கென்று உள்ள வினைல் சாயம்தான் ஒட்டி நிற்கும். அதுவும் பல ஆண்டுகளாக நாம் பளபளப்புக்குத் தேய்த்த சிலிக்கோன் பாலிஷ் முழுசாகப் போனால்தான். கொஞ்சம் மிச்சமிருந்தாலும் சாயம் அங்கங்கே விலகி, மீன்கண் போலக் குழி விழும்.

"அது இருக்கட்டும் தம்பி, எந்தப் பழுப்புக்குச் சேர்க்கணும்?" என்று கேட்டார்.

அப்போதுதான் பார்த்தேன். வெயில் தின்ற டேஷ்போர்டு ஒரு நிறம், நிழலில் இருந்த பின்கதவு இன்னொன்று. எனக்கு எல்லாம் தே தாரிக் நிறம். அப்பாவோ, "கோப்பி ஓ மாதிரி இருந்துச்சி" என்று பிடிவாதமாக நின்றார். எழுபதைத் தாண்டியவர், மறந்திருப்பார் என்றே நினைத்தேன். அண்ணன் பின்கதவின் கைப்பிடியைக் கழற்றினார். அதன் அடியில், வெயிலே படாத ஒரு துண்டு. கோப்பி ஓ!

அப்பா எதுவும் சொல்லவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

ஒரு பலகை மட்டும் என்றால் மங்கிய பக்கத்துப் பலகைக்குச் சேர்ப்பதுதான் புத்திசாலித்தனம், செலவும் குறைவு. அப்பா நான்கு கதவுகளும் என்றார். அண்ணன் பழைய நிறத்தைக் கலந்து, பலகையின் பின்புறத்தில் முதலில் அடித்துக் காயவிட்டார். பிறகு அதைக் கதவருகே பிடித்துக் காலையிலும், உச்சி வெயிலிலும், கடை விளக்கிலும் பார்த்தார். விளக்கில் பொருந்தும் நிறம் வெயிலில் பொருந்தாமல் போகலாம்; சேர்த்த நிறமிகள் வேறானால் அப்படித்தான். கறுப்பை மட்டும் சொட்டுச் சொட்டாகவே விட்டார். கூடிவிட்டால் திரும்ப எடுக்க முடியாதாம். பளபளப்பைக் கட்டுப்படுத்தும் மேல்பூச்சு கடைசியில். நிறம் சரியாக இருந்தும் மினுமினுப்பு வேறுபட்டால் கண் உடனே பிடித்துவிடும்.

நான் சீட் பெல்ட்டையும் கேட்டேன். கையை உதறினார். சாயம் நாரின் வலுவைக் கெடுக்கலாம். அதைத் தொடவே கூடாது.

கதவுகள் முடிந்துவிட்டன. டேஷ்போர்டு மட்டும் இன்னும் தே தாரிக். அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறார் அண்ணன். அப்பா தினமும் கடைக்கு போன் போடுகிறார்.